மலாக்காவா, பினாங்கா: பெரியவர்களோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டியது

பள்ளி விடுமுறை நெருங்கும்போது சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். அதிக தூரம் வேண்டாம், கடலோர ஊராக இருக்க வேண்டும், கோயிலும் நல்ல சாப்பாடும் வேண்டும். மலாக்காவா, பினாங்கா? இந்த ஜூனில் எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். முழங்கால் வலியுள்ள அம்மா, தொடக்கப்பள்ளி மகள், நாங்கள் இருவர். பினாங்குக்குப் போனோம். இரண்டு ஊரும் எனக்குப் பழக்கமானவை, இரண்டும் பிடித்தவை. ஆனால் வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால் அடுத்த முறையும் பினாங்கைத்தான் சொல்வேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் பழைய துறைமுகங்கள். 1826ல் சிங்கப்பூரோடு சேர்த்து ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டவை. 2008ல் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் ஒன்றாகவே யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. விடுதிகள் எல்லா விலையிலும் கிடைக்கின்றன. செலவு என்று பார்த்தால் மலாக்காதான் மலிவு. விடுமுறைக் காலத்தில் விமான டிக்கெட் விலை ஏறிவிடும், நால்வர் என்றால் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆனாலும் எங்களைப் பொறுத்தவரை முடிவு செய்தது எல்லைதான்.

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா ஏறக்குறைய 240 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வாரயிறுதியிலும் சாலை காலியாக இருப்பதில்லை. பேருந்தில் போகிறவர் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் இறங்கி, படியோ மின்படியோ ஏறி, குடிநுழைவு முடித்து, மறுபடி பேருந்தைத் தேடி ஏற வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளப் பாலத்தைத் தாண்டியதும் ஜொகூர் பக்கம் மறுபடி இறங்க வேண்டும், இந்த முறை பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு. அங்கேயும் வரிசை, பெட்டிச் சோதனை, பிறகு பேருந்து நிற்கும் இடம்வரை நடை. துவாஸ் இரண்டாம் பாலம் வழியாகப் போனாலும் இதே இறங்கல் ஏறல்தான். 2024 முதல் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டிச் சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடியைக் கடக்கலாம் என்பது பெரிய உதவி. ஆனால் பாலத்தின் மேல் வண்டிகள் நகராமல் நிற்கும்போது அது ஒன்றும் செய்யாது.

இளைஞர்களுக்கு இது அலுப்போடு முடிந்துவிடும். அம்மாவுக்கு அப்படியில்லை. உட்கார இடமில்லாத வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, பாலத்தில் மாட்டிக்கொண்டால் கழிப்பறைக்கு வழியில்லை, ஓட்டுநர் காத்திருப்பாரா என்ற பதற்றம் வேறு. ஊர் போய்ச் சேரும்போது முதல் நாள் மாலை ஓய்விலேயே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது கூட்டம் இன்னும் மோசம். பேருந்தும் பழைய நகரத்தில் கொண்டுபோய் விடுவது அபூர்வம். பெரும்பாலும் மலாக்கா சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும்.

பினாங்கு மிகவும் தள்ளி இருக்கிறது. அதனாலேயே அங்கே விமானத்தில் போவது என்று எளிதாக முடிவெடுக்க முடிகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வைத்தால், சாங்கியில் தொடங்கி பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் வரை அம்மா எங்கேயும் நிற்க வேண்டியதில்லை. விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுன் வாடகை வண்டியில் அரை மணி, நெரிசலில் முக்கால் மணி. காலையில் தேக்கா பக்கம் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் பிற்பகலில் பினாங்கு லிட்டில் இந்தியாவில் தேநீர் குடிக்கலாம். இவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்து கிளம்புவதே பெரியவர்களுக்குப் பாதி நிம்மதி.

2026 இறுதிக்குள் ஜொகூர் பாருவுக்கு ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். இரு நாட்டுக் குடிநுழைவும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும் என்பதால் என் கணக்கு அப்போது மாறலாம். ஆனால் அந்த ரயில் போய் நிற்கும் புக்கிட் சாகாரிலிருந்து மலாக்காவுக்கு மறுபடி பேருந்தோ வண்டியோ வேண்டும். சொந்தக் காரில் போகிறவர்களின் நிலை வேறு; எங்களிடம் கார் இல்லை, அந்த அனுபவத்தை என்னால் எடைபோட முடியாது.

அப்புறம் கடல். கடலோர ஊர் என்று கிளம்பிவிட்டுக் கடலைத் தேடிப் போக வேண்டியிருந்தால் எனக்கு மனம் நிறையாது. மலாக்காவில் ஒரு காலத்தில் கோட்டையடிவரை இருந்த கடலை மண் போட்டு நிரப்பித் தள்ளி வைத்துவிட்டார்கள். பழைய நகரத்தில் கண்ணில் படுவது ஆறுதான். பினாங்கில் அப்படியில்லை. எஸ்பிளனேடில் மாலைக் காற்று, மரக்கால்களின் மேல் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டி, பட்டர்வொர்த்துக்குப் போய்வரும் படகு. அந்தப் படகில் சும்மா ஒரு முறை போய்த் திரும்பியதுதான் மகளுக்குப் பயணத்திலேயே மிகவும் பிடித்தது.

தமிழும் ஒரு காரணம். குயின் ஸ்திரீட்டில் 1833ல் எழுந்த மாரியம்மன் கோயில், அதைச் சுற்றிப் பூக்கடை, மளிகை, நகைக்கடை. அம்மா யாரிடமும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை, தானே பேரம் பேசினார். தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த நாசி கண்டார், அதாவது சோறும் பலவகைக் குழம்பும், ஊரெங்கும் கிடைக்கிறது. குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிடுவதுதான் சரி. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள் அம்மாவுக்கு முடியாது, எனவே அதே சாலையில் கீழே இருக்கும் நகரத்தார் கோயிலில் கும்பிட்டோம். பினாங்கு மலைக்கு ரயில் ஏற்றிவிடுகிறது, 1923ல் ஓடத் தொடங்கிய தடம் அது. விடுமுறையில் அங்கும் வரிசை உண்டு, காலையிலேயே போய்விடுங்கள்.

பினாங்கில் குறையில்லாமல் இல்லை. கடைகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதைகள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை, நடுவில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிடுகிறார்கள், சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அம்மாவோடு குறுகிய தூரத்துக்கும் வண்டி எடுத்தோம். அந்த வகையில் மலாக்கா நல்லது. பழைய நகரம் சிறியது, சிவப்புக் கட்டடங்களுக்கும் ஜோங்கர் ஸ்திரீட்டுக்கும் நடுவே ஆறு ஒன்றுதான்.

மலாக்காவுக்கே உரிய ஒன்றும் உண்டு. காஜா பேராங் பகுதியில் வாழும் மலாக்கா செட்டிகள். சுல்தான்கள் காலத்திலேயே வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள், வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனையும் பிள்ளையாரையும். 2018ல் சிங்கப்பூரின் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் இவர்களைப் பற்றிக் கண்காட்சி நடத்தியது. 1781ல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலில் நிற்கும்போது வரும் உணர்வைப் பினாங்கு எனக்குத் தரவில்லை. இதற்காகவே மலாக்கா போகலாம், போக வேண்டும். நண்பர்களோடு, சாதாரண வாரத்தின் செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்புங்கள். ஜோங்கர் ஸ்திரீட் இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும்தான், அது கிடைக்காமல் போகும். பாலத்தில் காத்திருப்பதைவிட அது பரவாயில்லை.

பெரியவர்களோடு பினாங்கு போகிறவர்கள் விடுதியை லிட்டில் இந்தியாவை ஒட்டியே எடுங்கள். தைப்பூசத்தை ஒட்டிப் போவதாக இருந்தால் பல மாதம் முன்பே அறை பிடித்துவிடுங்கள்.