சோற்றுத் தட்டுக்கு ஒரு மீட்டர்: நீண்ட காலம் பயன்படுத்திய அனுபவம்

கம்பங்கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாது என்று எனக்குச் சொல்லாத உறவினரே இல்லை. விரல் ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் என் குளுக்கோமீட்டர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாம் வகை நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவன் நான். வீட்டு மீட்டரைச் சில ஆண்டுகளாகச் சமையலுக்கும் பயன்படுத்துகிறேன். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை விரலில் குத்திப் பார்ப்பேன். தட்டில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துவைப்பேன். சாப்பிட்ட பின் சர்க்கரை 180 மி.கி./டெ.லி.யைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான இலக்கு.

ஒரே உணவு ஆளுக்கு ஆள் வெவ்வேறு விதமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரிடம் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டது. எங்கள் வீட்டில் அதற்கு இட்லியே சாட்சி. மனைவிக்கும் சர்க்கரை உண்டு. நான்கு இட்லி அவருக்கு ஒன்றும் செய்வதில்லை. எனக்கு இரண்டுக்கு மேல் ஆகாது, அதுவும் பருப்பும் காயும் நிறைந்த சாம்பாரோடுதான்.

கம்பு விஷயத்தில் கோளாறு தானியத்தில் இல்லை, பக்குவத்தில் இருக்கிறது. மாவாக அரைத்துக் கரைத்துக் குடிப்பது விரைவில் செரித்துவிடுகிறது. அதே கம்பை ஒன்றிரண்டாக உடைத்துச் சோறாக்கி, கீரைக் கூட்டோடு மென்று தின்றால் எண் அடங்கியே நிற்கிறது. வெண்பொங்கல்தான் பெரிய கள்ளன். நெய் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் இரண்டு மணி நேரத்தில் சாதுவாகத் தெரியும். மூன்றாவது மணி நேரத்தில் பார்த்தால் குட்டு வெளிப்படும். இதைப் பிடித்துக் கொடுத்தது கையில் ஒட்டிக்கொண்டு 14 நாள் தொடர்ந்து சர்க்கரையைக் காட்டும் சென்சார். ஆனால் அதன் விலைக்கு எப்போதாவது ஒரு முறைதான் கட்டுப்படியாகும்.

அரிசியை விடாமலே பெரிய பலன் தந்தது சாப்பிடும் வரிசை: முதலில் பொரியல், கூட்டு, முட்டை, சோறு கடைசியில். பந்தியில் உட்கார்ந்தால் இது நடக்காது, பரிமாறுபவர் முறைப்பார்.

மீட்டரின் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 100க்கு மேல் 15 சதவீதம் கூடக்குறையக் காட்டுவதை மீட்டர்களுக்கான சர்வதேசத் தர விதியே அனுமதிக்கிறது. எனவே 150க்கும் 160க்கும் இடையே பொருள் தேடுவது வீண். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து கணக்காகிவிடும்.

இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் தாழ்சர்க்கரை வந்து மயக்கமே போடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பைக் கூட்டும் முன்பும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் மீட்டர் விலையைப் பார்க்காமல், ஒவ்வொரு முறையும் ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப்பின் விலையைப் பாருங்கள். செலவு முழுவதும் அதில்தான். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த தேதியை மூடியில் எழுதிவையுங்கள். திறந்த பிறகு அதற்குத் தனிக் காலாவதி உண்டு.