கால்வாய்க் கரையா, கோஸ் மேஜானா, மோர்வானா? பிரான்ஸின் சரளைப் பாதைகள்

வண்டிச் சத்தம் இல்லாத பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் சில நாட்கள் கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்டலாம் என்று கிளம்பியபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: வடமேற்கே பிரெத்தாஞில் நான்ட்–பிரெஸ்ட் கால்வாய்க் கரை, தெற்கே கோஸ் மேஜான் மேட்டுநிலம், பர்கண்டியில் மோர்வான் காடு. மூன்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, நீண்ட பயணத்துக்கு மோர்வானைத்தான் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

எல்லோரும் அறிந்தவற்றை முதலில் முடித்துவிடலாம். கால்வாய்க் கரை ஏறக்குறைய சமதளம். குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். மோர்வானில் ஏற்ற இறக்கத்துக்கு ஓய்வே கிடையாது, 80 கி.மீ. ஓட்டினால் 1,500 மீட்டர் ஏறியிருப்போம். கோஸ் மேஜானில் மேலே போன பிறகு சிரமம் குறைவுதான், ஆனால் அடிவாரத்து ஊரான ஃப்ளோராக்கிலிருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் தொடை கனத்துவிடும். ரயிலைப் பொறுத்தவரை கால்வாய்தான் முந்துகிறது: கால்வாயோர ஊர்களான நான்ட், ரெதோன் இரண்டுக்கும் பாரிஸிலிருந்து அதிவேக ரயில் உண்டு. மோர்வானுக்கு பாரிஸின் பெர்சி நிலையத்திலிருந்து வட்டார ரயிலில் அதன் வடக்கு விளிம்பிலுள்ள அவலோன் ஊருக்குப் போகலாம். ஃப்ளோராக்கில் ரயில் நிலையமே இல்லை. டயர் மூன்றுக்கும் 40 முதல் 45 மி.மீ. போதும்.

கால்வாயின் நீளம் 364 கி.மீ. ஆங்கிலேயக் கடற்படையின் முற்றுகையில் சிக்காமல் பிரெஸ்ட் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்ப நெப்போலியன் காலத்தில் தொடங்கிய வேலை, 1842இல்தான் முழுவதும் முடிந்தது. 1930இல் கெர்லெதான் அணை வந்து அதை இரண்டாகத் துண்டித்தது. குதிரைகள் படகிழுத்த கரைப்பாதையின் பெரும்பகுதி இன்று இறுக்கிய மணற்பரப்போடு சைக்கிளுக்குக் கிடைக்கிறது. மாலெத்ருவாவைக் கடந்து ஜோஸ்லானை நெருங்கும்போது கோட்டையின் மூன்று கோபுரங்கள் ஊஸ்ட் ஆற்றில் நிழல் விழ நிற்கும். அந்த இடத்தில் இறங்கி நிற்காமல் போக யாருக்கும் மனம் வராது. ஆனால் அரை நாள் போனபின் உடம்பு முறையிடத் தொடங்கும். ஏற்றம் இல்லை என்றால் இறக்கமும் இல்லை. மிதிப்பதை நிறுத்தும் தருணமே வராது. ஒரே நிலையில் உட்கார்ந்திருப்பதால் கையும் இடுப்பும் மரத்துப்போகின்றன. மேற்கு நோக்கிப் போனால் எதிர்காற்று வேறு. கர்ஹே ஊருக்கு மேற்கே நான் போனதில்லை. அந்தப் பகுதிக்கு இந்தக் குறை பொருந்தாமல் இருக்கலாம்.

கோஸ் மேஜானின் வெட்டவெளி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் மரம் அருகிய புல்வெளி, கல் வேலிகள், ஆட்டு மந்தைகள், தலைக்கு மேலே வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகள். 2011இல் கோஸ், செவென் பகுதிகளின் மேய்ச்சல் நிலத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தனிமை என்றால் இங்குதான் தனிமை. இருந்தும் நீண்ட பயணத்துக்கு இதை நான் எடுக்காததற்குத் தண்ணீர்தான் காரணம். அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழையை அப்படியே உறிஞ்சிப் பூமிக்கடியில் கொண்டுபோய்விடும். மேலே ஓடை கிடையாது, ஊற்றும் அரிது. ஆடுகளுக்காகக் கல் பாவிய குட்டைகள் உண்டு. அந்த நீர் நமக்கு ஆகாது. கோடையில் மூன்று லிட்டரைச் சுமந்துகொண்டுதான் ஏற வேண்டும்.

இங்கேதான் என் வாதம். பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் உயர வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் நிலவியல் வரைபடத்தையும் திறந்து வைத்துக்கொள்கிறேன். பிரெஞ்சு அரசின் இணைய வரைபடத் தளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. அடியில் என்ன பாறை என்று தெரிந்தால், மழைக்கு மறுநாள் பாதை எப்படி இருக்கும், வழியில் தண்ணீர் கிடைக்குமா, எந்த உதிரிபாகம் முதலில் தேயும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மோர்வான் பழைய கருங்கல் (கிரானைட்) மலை. அதைச் சுற்றி வளையம் போலக் களிமண் தாழ்நிலம்; வெள்ளை ஷரொலே மாடுகள் மேயும் செழித்த புல்வெளிகள் அங்கேதான். வடக்கு ஓரத்து வெஸ்லே ஊரிலிருந்து தெற்கே போனால் இந்த வித்தியாசத்தைச் சில மணி நேரத்துக்குள் கையால் தொட்டுப் பார்க்கலாம். முந்தைய இரவு மழை பெய்திருந்தால், தாழ்நிலத்தின் வயல்வழியில் களிமண் டயரில் அப்பி, வைக்கோல் துணுக்கோடு சேர்ந்து முட்கவைக்கு (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக்கு) அடியில் இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். குச்சியால் சுரண்டி எடுத்தால் இருபது அடி தாண்டுமுன் மீண்டும் அப்பிக்கொள்ளும். தார்ச்சாலைக்கு ஏறிவிடுவது ஒன்றே வழி. அப்படியே மேடேறிக் காட்டுக்குள் நுழைந்தால் மண்ணின் நிறம் வெளுத்துவிடுகிறது. கருங்கல் உதிர்ந்து உண்டான பரல்மணல் அது. உள்ளங்கையில் அள்ளினால் வெண்கல் துகளும் மினுங்கும் அபிரகச் செதிலும் தனித்தனியே தெரியும், விரலில் ஒட்டாது. அதே மழைதான் இங்கும் பெய்திருக்கும். ஆனால் நீர் இறங்கி வடிந்து, பாதை கெட்டியாக இருக்கும். டயர் நறநறவென்று ஓடும் அந்தச் சத்தத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

கருங்கல் தண்ணீரை ஆழத்தில் விழுங்குவதும் இல்லை. அதனால் மோர்வான் முழுவதும் ஓடைகளும் ஊற்றுகளும் ஏரிகளும். செத்தோன் ஏரியின் அணை 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதே, கியூர் ஆற்றில் விறகுக் கட்டைகளை மிதக்கவிட்டுப் பாரிஸுக்கு அனுப்ப நீர் வேண்டும் என்பதற்காகத்தான். குடிக்க ஓடை நீரை நான் எடுப்பதில்லை. சிற்றூர்க் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும்; ‘குடிநீர் அல்ல’ என்ற பலகை இல்லாவிட்டால் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். ரொட்டிக்குத்தான் திட்டம் வேண்டும். திங்கட்கிழமை பல கடைகள் திறக்காது, மதிய வேளையிலும் அடைத்துவிடுவார்கள். ஷாத்தோ-ஷினோன் போன்ற ஊரைத் தாண்டுமுன் பையை நிரப்பிக்கொள்வது நல்லது. இந்த விஷயத்தில் ஊர்கள் அடுத்தடுத்து வரும் கால்வாய்க் கரைக்கே முதலிடம்.

கருங்கல்லுக்கும் ஒரு விலை உண்டு. அந்தப் பரல் உப்புத்தாள் போன்றது. ஈரத்தோடு டிஸ்க் பிரேக்குக்குள் புகுந்தால் பட்டைகளை வேகமாகத் தின்றுவிடும். நீண்ட இறக்கங்கள் நிறைந்த மழைநாளுக்குப் பின் பட்டையின் தடிமனைப் பார்க்காமல் நான் படுப்பதில்லை. உலோகக் கலவைப் பட்டை ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கும். சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடும் வேலையும் தினசரி வேலையாகிவிடும். இருந்தாலும் பட்டை மாற்றப் பத்து நிமிடம் போதும். களிமண் பிடித்துக்கொண்டால் நாளே போய்விடும்.

இன்னொன்று, மோர்வானின் நல்ல பாதைகள் பல மர லாரிகளுக்காகப் போடப்பட்டவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலையுதிர் மரங்களை அகற்றி டக்ளஸ் ஊசியிலை மரங்களைப் பரவலாக நட்டார்கள். அவை இப்போது வெட்டும் பருவத்தில் இருக்கின்றன. மலைச்சரிவையே மொட்டையாக வெட்டி எடுப்பதை எதிர்த்து உள்ளூர் மக்கள் பணம் திரட்டிக் காட்டுத் துண்டுகளை வாங்கிக் காத்து வருகிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். நேற்று வரை நிழலாக இருந்த வழி இன்று அடிமரங்களும் கனரக வண்டிகள் கிழித்த பள்ளங்களுமாகக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். வெட்டு நடக்கும் தடத்தில் நுழையாமல் சுற்றிப் போவதுதான் பாதுகாப்பு. அதற்காக வரைபடத்தில் மாற்றுவழி ஒன்றைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

பருவமும் முக்கியம். செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரை வேட்டைக் காலம்; வார இறுதிகளில் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ‘வேட்டை நடக்கிறது’ என்ற பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் ரெதோனிலிருந்து ஜோஸ்லான் வரை கால்வாயையே எடுக்கலாம், அதற்கு நிகர் இல்லை. தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு மே கடைசியில் அவலோனில் இறங்கி, செத்தோன் ஏரி வழியாக 901 மீட்டர் உயர ஓ-ஃபோலான் உச்சிவரை காட்டுத்தடத்திலேயே போகச் சொல்வேன்.