"பார்க்கலாம்" என்றால் சரி என்று எழுதிவிட்டது: ஏ.ஐ. உதவியாளருடன் ஒன்றரை வருடம்

வாஷியில் எங்கள் ஆபீஸ். கப்பல் சரக்கு அனுப்பும் தொழில், ஃபார்வர்டிங் என்றால் நவி மும்பையில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கம் நவா ஷேவா துறைமுகம், தெற்கே தூத்துக்குடியில் ஒரு கிளை, இரண்டுக்கும் நடுவில் நாள் முழுக்க மெயில். ஒன்பது பேருக்கு ஏ.ஐ. உதவியாளர் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகக் குறித்து வைத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் காசு. மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பரில் கோபைலட் என்ற தன் ஏ.ஐ. உதவியாளரை நிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கியபோது ஆளுக்கு மாதம் 30 டாலர், அதுவும் குறைந்தது 300 பேருக்கு வாங்க வேண்டும். முப்பது பேர் வேலை செய்யும் எங்கள் ஆபீஸ் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. 2024 ஜனவரியில் அந்த 300 நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கூகுள் 2025 ஜனவரியில் தன் ஏ.ஐ. உதவியாளர் ஜெமினியை, மெயிலும் ஷீட்ஸும் அடங்கிய வொர்க்ஸ்பேஸ் திட்டங்களுக்குள்ளேயே சேர்த்துவிட்டு, திட்டத்தின் விலையை ஏற்றியது. இவை தவிர, கூட்டக் குறிப்பு எடுப்பதற்கென்றே தனியாக விற்கும் சின்னக் கருவிகளும் உண்டு. நாங்கள் எல்லா வகையையும் பயன்படுத்திப் பார்த்தோம். எந்த இடத்தில் எது தவறியது என்று பெயர் சொல்லப் போவதில்லை. இவை மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. போன வருடத் தவறை இன்றைக்கு ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எனக்கு அதிகம் உதவியது மெயில் சுருக்கம். ஒரு கன்டெய்னர் என்றால் ஷிப்பிங் லைன், கஸ்டம்ஸ் ஏஜென்ட், லாரிக்காரர், கரூரில் இருக்கும் ஏற்றுமதியாளர் என்று நாலு பக்கமும் மெயில் ஓடும். ஒரே தலைப்பில் நாற்பது, ஐம்பது மெயில் சாதாரணம். முன்பெல்லாம் செம்பூரில் ஹார்பர் லைன் ஏறியதும் கீழேயிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்குவேன். மான்கூர்டு தாண்டி, கழிமுகப் பாலத்தில் ரயில் ஏறும்போதும் பாதிதான் முடிந்திருக்கும். இப்போது அதே இருபது நிமிடத்தில் ஏழெட்டு கன்டெய்னர்களின் நிலவரம் தெரிந்துவிடுகிறது.

ஆனால் கேட்கிற விதம் முக்கியம். "சுருக்கிச் சொல்" என்று கேட்டால் எல்லாவற்றையும் ஒரே அளவில் சொல்லும், அதனால் பலனில்லை. "இன்றைக்கு நாங்கள் யாருக்கெல்லாம் பதில் தர வேண்டும், யாரிடமிருந்து எங்களுக்குப் பதில் வரவில்லை, எத்தனை நாளாக?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்காகவே சந்தா கட்டலாம் என்பேன்.

ஒருமுறை மட்டும் திக்கென்றது. ஷிப்பிங் லைன் தரும் ஃப்ரீ டேஸ் என்பது கன்டெய்னரை வாடகையில்லாமல் வைத்துக்கொள்ளும் நாட்கள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் டாலரில் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். மெயிலில் 14 நாள் என்று எழுதியிருந்தார்கள். மூன்று நாள் கழித்து, "இறுதி விலை இணைப்பில்" என்று ஒரே வரியோடு ஒரு பி.டி.எஃப். வந்தது. அதில் 10 நாள். சுருக்கம் 14 என்றே சொன்னது. இணைப்பை அது படிக்கவில்லை. சுருக்கத்தில் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் எந்த மெயிலிலிருந்து எடுத்தது என்று ஒரு சின்ன எண் இருக்குமே, அதை அழுத்திப் பார்த்ததால் தேதி பழையது என்று தெரிந்தது. அன்றிலிருந்து தொகை, தேதி, நாட்கணக்கு மூன்றுக்கும் அந்த எண்ணை அழுத்தாமல் நான் பதில் அனுப்புவதில்லை.

அடுத்தது கூட்டக் குறிப்பு. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமைதோறும் தூத்துக்குடிக் கிளையோடு கூட்டம். இங்கே சேல்ஸ் ஆட்கள் இந்தியும் ஆங்கிலமும் பேசுவார்கள், அங்கிருந்து தமிழ் வரும், நான் மூன்றுக்கும் நடுவில். கிளையைப் பார்த்துக்கொள்பவர் வ.உ.சி. துறைமுகத்தில் இருபத்தைந்து வருடம் பழகியவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கரூர்த் துணி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு வாரம், கூடுதலாக இரண்டு கன்டெய்னருக்குக் கப்பலில் இடம் பிடிக்க முடியுமா என்று கேட்டோம். அவர் ஒரு நொடி நிறுத்தி, "பார்க்கலாம்மா" என்றார்.

இந்தப் பார்க்கலாமை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மனமில்லாதபோது வருகிற சொல் அது. கல்யாண வீட்டில் "இன்னொரு நாள் இருந்துட்டுப் போங்க" என்பவர்களிடம் சொல்கிற அதே பார்க்கலாம்.

கூட்டம் முடிந்த ஐந்தாவது நிமிடம், கருவி தானாக எழுதிய குறிப்பு எல்லோருக்கும் போய்விட்டது. "கூடுதல் இரண்டு கன்டெய்னர்கள்: ஒப்புக்கொள்ளப்பட்டது. பொறுப்பு: தூத்துக்குடிக் கிளை. கெடு: திங்கள்." அழகான ஆங்கிலத்தில், கட்டம் கட்டி. சேல்ஸில் ஒருவர் அதை நம்பி கரூருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை சரக்கு லாரியில் ஏறியபோது கப்பலில் இடம் இல்லை.

அண்ணாச்சி எனக்கு போன் செய்தார். குரலில் கோபம்கூட இல்லை. "நான் எங்கம்மா சரின்னு சொன்னேன்? இத்தனை வருஷத்துல சொல்லிட்டு செய்யாம விட்டிருக்கேனா?" நான் என்ன பதில் சொல்ல? ஒரு மனிதரின் வாக்கை அவர் வாயிலிருந்து வராமலேயே எழுதி, அவர் பெயரையும் போட்டு, பத்து பேருக்கு அனுப்பிவிட்டோம். டிடென்ஷன் தொகையைக் கட்டிவிடலாம், இதை எப்படிச் சரிசெய்வது என்று அன்று முழுக்க மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த வசதிகள் எந்த மொழிக்கு முதலில் வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கூகுளின் ஜெமினி ஆப் 2024 ஜூனில் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளில் வந்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், வீடியோ கூட்டம் நடத்தும் கூகுள் மீட்டில் குறிப்பெடுக்கும் வசதி வந்தபோது ஆங்கிலத்துக்கு மட்டும்தான். ஒருவர் தமிழில் தட்டச்சு செய்து கேட்பதும், நாலு பேர் மூன்று மொழியைக் கலந்து பேசுவதும் வேறு வேறு. பார்க்கலாம் என்ற சொல் சரியாகவே காதில் விழுந்தாலும், அதற்கு முன்னால் இருந்த அந்த ஒரு நொடி மௌனம் எழுத்தில் வராது.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். குறிப்பு தானாக எல்லோருக்கும் போவதை நிறுத்தினோம். இப்போது எனக்கு மட்டும் வரும், நான் திருத்தி அனுப்புவேன். அப்புறம், கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் முடிவுகளை நானே சத்தமாக வாசிப்பேன், பொறுப்பானவர் ஆம், இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும். குறிப்பின் தரமும் கூடிவிட்டது, ஏனென்றால் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் கருவி தெளிவாகப் பிடிக்கிறது.

எக்செல், ஷீட்ஸ் பக்கம் நான் அதிகம் நம்பவில்லை. ஃபார்முலா எழுதிக் கேட்டால் நன்றாகத் தருகிறது. ஆனால் வெளிநாட்டு ஏஜென்ட் அனுப்பிய பட்டியலில் 05/06 என்று இருந்தால் அது ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்று கேட்காமலேயே ஒன்றை எடுத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் 2025 ஆகஸ்டில் எக்செல் கட்டத்துக்குள்ளேயே ஏ.ஐ.யிடம் கேட்கும் கோபைலட் ஃபங்ஷனை அறிமுகப்படுத்தியபோது, துல்லியம் வேண்டிய வேலைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அவர்களே எச்சரித்தார்கள். எங்கள் வேலையில் துல்லியம் வேண்டாத கட்டம் ஒன்றுகூட இல்லை.

வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. உதவியாளர் உங்கள் கண்ணுக்குத் திறந்திருக்கும் எல்லா ஃபைலையும் படிக்கும். எங்களிடம் என்றோ யாரோ எல்லோருக்கும் பகிர்ந்து மறந்துபோன ஃபோல்டரில் சம்பளப் பட்டியல் கிடந்தது. வேறு எதையோ தேடிய ஒருவருக்கு அது பதிலில் வந்து விழுந்தது. பூட்டாத கதவு நம்முடையது, கருவி உள்ளே போய்ப் பார்த்தது அவ்வளவுதான். உரிமம் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் ஒதுக்கி யாருக்கு எது திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

மனசுக்கு நிறைவான விஷயம் ஒன்றும் இருக்கிறது. எங்கள் டாக்குமென்டேஷனில் ஒரு தம்பி, தாராவிக்காரர், மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர். சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங்கில் ஒரு எழுத்து தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் ஷிப்பிங் லைனுக்கு மெயில் எழுத வேண்டுமென்றால் என் மேசைக்கு வந்து நிற்பார். "அக்கா, இதை மட்டும் நீங்க போட்டுடுங்க." இப்போது தமிழில் விஷயத்தை எழுதி, ஆங்கிலத்தில் வாங்கி, அதைத் தன் கையால் குறைத்து அனுப்புகிறார். உதவியாளர் எழுதுகிற நீட்டி முழக்கும் முதல் வரியை வெட்டிவிட வேண்டும் என்பதை அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆறு மாதமாக அவர் என் மேசைக்கு மெயிலோடு வரவில்லை.

ஆகவே நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான். மெயில் உதவி டாக்குமென்டேஷன் ஆட்கள் நாலு பேருக்கும் எனக்கும் கட்டாயம் வேண்டும். சேல்ஸில் இரண்டு பேர் போதும். கூட்டக் குறிப்பு ஒருவர் கணக்கில் மட்டும் இருக்கட்டும். அந்தத் தம்பியின் பெயரைப் பட்டியலில் முதலில் போட்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை மறுபடியும் அதே கேள்வி வந்தது, கூடுதல் இரண்டு கன்டெய்னர். கடைசி ஐந்து நிமிடத்தில் நான் வாசிக்கத் தொடங்கியதும் அண்ணாச்சி குறுக்கிட்டார். "ரெண்டு முடியாதும்மா. ஒண்ணு தர்றேன், புதன்கிழமை. அப்படியே எழுதிக்கோ."