தாழ்ப்பாள் இல்லாத கதவும் எழுதாத புகார் நோட்டும்: பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறை, பெண்கள் பக்கம்

நகராட்சி, மாநகராட்சிப் பேருந்து நிலையங்களில் உள்ள கட்டணக் கழிப்பறைகளின் பெண்கள் பக்கத்துக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் போடலாம்? கட்டடத்துக்கு இரண்டரை. தண்ணீருக்கு மூன்று, அதுவும் சாயங்காலம் வரைதான். கதவுக்கு ஒன்று. புகார் சொல்லும் ஏற்பாட்டுக்கு அரை நட்சத்திரமே அதிகம். ஆனால் குத்தகைதாரரிடம் கேட்டால் மேசைக்கடியிலிருந்து புகார் நோட்டை எடுத்து நீட்டுவார். "பாருங்க சார், லேடீஸ் சைடுல ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது." அவர் பொய் சொல்லவில்லை. நோட்டு உண்மையிலேயே வெள்ளையாகத்தான் இருக்கும். அது ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பதைப் பார்க்காமல் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போட முடியாது.

முதலில் கதவு. இந்தக் கழிப்பறைகளில் அதிகம் இருப்பவை பி.வி.சி. கதவுகள். உள்ளே கூடு என்பதால் திருகாணிக்குப் பிடிப்பு இல்லை. மேல் கீல் தளர்ந்ததும் கதவு சரிகிறது. தாழ்ப்பாள் கம்பி நிலையில் உள்ள துளைக்கு நேராக வருவதில்லை. உள்ளே போகிறவர் கதவை ஒரு கையால் தூக்கிப் பிடித்து மறு கையால் கம்பியை இழுக்கிறார். பத்து நாள் இப்படித் தூக்கினால் தாழ்ப்பாளே கையோடு வந்துவிடும். அதன்பின் வாளியில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்கு அணை கொடுப்பது, கூட வந்தவரை வெளியே நிறுத்துவது, தனியாக வந்தவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே உட்காருவது என்று ஆகிவிடும். முட்டி வலி உள்ள வயதானவர்களுக்கு இது முடியாத காரியம்.

சரிசெய்வது அரை மணி நேர வேலை. துருப்பிடிக்காத எஃகுத் தாழ்ப்பாளைத் திருகாணியால் பொருத்தாமல், கதவின் மறுபக்கம் வரை போகும் போல்ட், நட்டு, வாஷர் போட்டு இறுக்க வேண்டும். நிலையில் வட்டத் துளைக்குப் பதில் மேலும் கீழுமாக ஓர் அங்குல நீளத்துக்குப் பள்ளம் வெட்டினால் கதவு கொஞ்சம் சரிந்தாலும் கம்பி உள்ளே போகும். கூடவே கதவின் உட்பக்கம் தோள் உயரத்தில் இரண்டு கொக்கிகள் வேண்டும், ஒன்று பைக்கு, ஒன்று துப்பட்டாவுக்கு. கொக்கி இல்லாவிட்டால் கைப்பை கழுத்தில் தொங்கும், புடவைத் தலைப்பு வாயில் இருக்கும், கதவைப் பிடிக்கக் கை மிஞ்சாது. ஆண்கள் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து மதிப்பீடு போடுகிறவர்களுக்குக் கொக்கி என்பது கண்ணிலேயே படாத பொருள்.

அடுத்தது சுவர். பல கட்டடங்களில் அறைகளுக்கு இடையிலான தடுப்பு ஏழடியோடு நின்றுவிடுகிறது. மேலே கூரை வரை திறப்பு. காற்றோட்டத்துக்கும் ஒரே விளக்கில் இரண்டு அறைக்கு வெளிச்சம் கிடைக்கவும் செய்த சிக்கனம் அது. கையில் செல்போன் இல்லாத காலத்துக்கு அது போதும். இப்போது அந்தத் திறப்புதான் பெரிய பயம். அதைவிட மோசம், ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே உள்ள பொதுச் சுவரும் அதே உயரத்தில் நிற்பது. வென்டிலேட்டரின் கண்ணாடித் தகடுகளில் இரண்டு உடைந்திருந்தால் வெளியே நிற்பவருக்கு வழி திறந்த மாதிரி. மேலே கொசுவலைக் கம்பி அடித்துப் பாதி மறைக்கும் தகடு பொருத்தினால் காற்றும் வரும், பார்வையும் போகாது.

மூன்றாவது, நாப்கின் போடும் தொட்டி. அறைக்குள் மூடியுள்ள தொட்டி இல்லையென்றால் நாப்கின் கழிப்பறைப் பீங்கானுக்குள்தான் போகும். பீங்கானுக்குக் கீழே நான்கு அங்குல வளைகுழாய், அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். நாப்கின் அங்கே ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளும். நீள மூங்கில் குச்சியால் குத்தினால் இன்னும் இறுகும். வளைகுழாய்க்குப் பின்னால் உள்ள சேம்பரை, அதாவது கழிவுநீர்க் குழாயின் ஆய்வுத் தொட்டியைத் திறந்து எதிர்ப்பக்கமாக இழுக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், கூலி வேண்டும். குத்தகைதாரருக்கு மலிவான வழி கதவுக்கு ஒரு கட்டுக்கம்பி சுற்றி 'பழுது' என்று அட்டை மாட்டுவது. ஆறு அறை நான்காகும், தீபாவளி நெருக்கத்தில் மூன்றாகும், வரிசை வெளியே வெயிலுக்கு வரும். தூய்மை இந்தியா திட்டத்தின் நகர்ப்புற வழிகாட்டுதல் சமுதாயக் கழிப்பறைகளுக்கு 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை என்று கணக்கு வைத்திருக்கிறது. பெண்களுக்குக் கூடுதல் நேரமும் இடமும் வேண்டும் என்பது காகிதத்தில் ஒப்புக்கொண்ட விஷயம்தான். கட்டுக்கம்பி அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுவிடுகிறது.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக. பலகையில் ஒன்று, கையில் வாங்குவது ஒன்று. ஆண்கள் சிறுநீர் கழிக்கும் இடம் திறந்த தொட்டி, வாசலைத் தாண்டாமல் போய்வரலாம். பெண்ணுக்கு எதற்கானாலும் கதவுள்ள அறைதான், ஆகவே கழிப்பறைக் கட்டணம். மும்பையில் 2011இல் தொடங்கிய சிறுநீர் கழிக்கும் உரிமை இயக்கம் பிடித்துக்கொண்ட முதல் நுனியே இதுதான். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆக, காய்கறிக் கூடையோடு சந்தைக்கு வந்து திரும்பும் ஒரு பெண்ணுக்குப் பயணச் செலவு என்று இருப்பது கழிப்பறைக் காசு மட்டும்.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் புகார் இல்லை? 'கூச்சம்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதிகூட இல்லை.

நோட்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள். அது காசு வாங்கும் ஆளின் மேசையில் இருக்கிறது. யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே பேனாவும் கேட்டு, அவர் பார்க்கப் பெயரும் செல்போன் எண்ணும் எழுத வேண்டும். எழுதியதை அவரே முதலில் படிப்பார். முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் செல்போன் எண்ணைக் கொடுப்பதற்கு எந்தப் பெண்ணும் யோசிப்பாள். "நேத்து பஸ் ஸ்டாண்டுல எழுதினது நீங்கதானேம்மா?" என்று ராத்திரி எட்டு மணிக்கு ஒரு அழைப்பு வந்தால் வீட்டில் பதில் சொல்லவேண்டியது குத்தகைதாரர் அல்ல.

செல்போன் செயலிகள் இதற்கு மாற்று என்பார்கள். பல செயலிகள் படம் கேட்கின்றன. பெண்கள் கழிப்பறைக்குள் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கும் பெண்ணை மற்றப் பெண்கள் என்ன நினைப்பார்கள்? எந்தப் பயத்தைச் சொல்ல வந்தாரோ அந்தப் பயத்தையே அவர் உண்டாக்குகிறார். அடுத்தது வகை. 'சுத்தமில்லை', 'தண்ணீர் இல்லை', 'விளக்கு இல்லை' என்று இருக்கும். 'தாழ்ப்பாள் இல்லை', 'வென்டிலேட்டர் வழியாகத் தெரிகிறது', 'கழுவும் ஆண் சத்தம் கொடுக்காமல் உள்ளே வருகிறார்' என்பவை 'இதர' என்ற கிணற்றுக்குள் விழும். 'இதர'வில் விழுந்த புகார் எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் சுற்றிவிட்டு, 'ஆய்வு செய்யப்பட்டது, இடம் சுத்தமாக உள்ளது' என்று முடிக்கப்படும்.

இன்னொன்று யாரும் வெளியே சொல்லாதது. புகாருக்குக் கிடைக்கும் வேகமான தீர்வு பூட்டு. 'பெண்கள் பக்கம் பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது' என்ற பலகை வந்துவிட்டால், மோசமான கழிப்பறையும் போய், கழிப்பறையே இல்லாத நிலை. அதன்பின் ஒதுங்க ஏதாவது ஒரு கடைக்குப் பின்னால் உள்ள மதில்தான். இதைப் பார்த்த பெண்கள் இருப்பதே போதும் என்று வாயை மூடிக்கொள்வதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை.

பயணிகளாவது ஐந்து நிமிடத்தில் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அந்தக் கழிப்பறையின் குறைகளை அறை அறையாகச் சொல்லக்கூடியவர்கள் பேருந்து நிலையத்திலேயே நாள் முழுக்க இருக்கும் பூக்காரம்மாக்கள், வெள்ளரிப் பிஞ்சு விற்பவர்கள், டீக்கடையில் பாத்திரம் கழுவுபவர்கள். அவர்கள் கூடை வைக்கும் இடத்துக்கு எந்தச் சீட்டும் கிடையாது. தரைவாடகை வசூலிப்பவரும் கழிப்பறைக் குத்தகைதாரரும் ஒரே நகராட்சியின் ஏலத்தில் எடுத்தவர்கள், சில ஊர்களில் ஒரே ஆள்கூட. நாளைக்கும் அங்கேதான் உட்கார வேண்டும், நாளைக்கும் அங்கேதான் ஒதுங்க வேண்டும். அதிகம் தெரிந்தவருக்குத்தான் வாய் திறக்க அதிகத் தடை.

கழுவும் அம்மா ஒருத்தி இருக்கிறார். கையுறை இல்லாமல் பெரும்பாலும் ஒற்றை ஆளாக மூன்று வேளை கழுவுபவர். புகார் போனால் முதலில் சம்பளம் பிடிக்கப்படுவது அவருக்கு. "பாவம், அந்தம்மா என்ன பண்ணுவாங்க" என்ற ஒரு வாக்கியத்தில் நின்றுபோன புகார்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

ஒளிந்து பார்த்தல், படம் எடுத்தல் போன்றவை வேறு வகை. அது பராமரிப்புக் குறை அல்ல, குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. இந்தப் புகாரைப் பெண் காவல் அதிகாரியோ வேறொரு பெண் அதிகாரியோதான் பதிவுசெய்ய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவு சொல்கிறது. சம்பவம் நடந்த எல்லைக்குட்பட்ட நிலையம்தான் என்று இல்லை, எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். சட்டம் இவ்வளவு வழி விட்டும் பெண்கள் தயங்க ஒரு நியாயமான காரணம் உண்டு. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடத் தடை போடும் நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு 64 முதல் 71 வரையிலான குற்றங்களுக்கு உரியது. 77 அந்த வரிசையில் இல்லை. வீட்டு நிலவரம் இன்னும் நேரடியானது. கல்லூரிக்குப் போகும் பெண் சொன்னால் கழிப்பறை மாறாது, அவள் பஸ்ஸில் போவது நிற்கும்.

சரி, இருக்கும் வழிகளில் எது தேவலாம்? சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913. குரலில் சொல்லலாம், படம் தேவையில்லை, 'இதர' என்ற தொல்லையும் குறைவு. மற்ற ஊர்களுக்கு முதல்வர் உதவி மையத்தின் 1100. ரயில் நிலையமானால் 139 அல்லது ரயில்வேயின் புகார்ச் செயலியான ரயில் மதத். எதிலும் பதிவு எண்ணை வாங்காமல் போனை வைக்கக் கூடாது. ஆனால் பலன் என்று பார்த்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் மனுவே முதலிடம், காரணம் அது காகிதம், ஏற்புச் சீட்டு உண்டு, பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். தனியொருத்தியின் பெயர் நிற்காது. மகளிர் சுயஉதவிக் குழுவின் பெயரிலும் கொடுக்கலாம். உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தியாயிற்று. வார்டு உறுப்பினர் பெண்ணாக இருந்தால் (கணவர் தலையிடாத வார்டாக இருந்தால் இன்னும் நல்லது) அவரை நேரே உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவதைவிட நல்ல புகார் கிடையாது. நகராட்சிப் பொறியாளர் ஆணாக இருந்தால் அந்தக் கதவுகளை உட்பக்கமிருந்து பார்த்தே இருக்க மாட்டார்.

எழுதும் விதம் முக்கியம். 'கழிப்பறை மோசம்' என்று எழுதினால் பினாயில் ஊற்றிவிட்டு முடித்துவிடுவார்கள். "நுழைந்ததும் இடமிருந்து 2, 4, 5ஆம் அறைகளில் தாழ்ப்பாள் இல்லை. 3ஆம் அறை கம்பி கட்டி மூடியுள்ளது. ஆண்கள் பக்கத்துப் பொதுச் சுவருக்கு மேல் திறப்பு உள்ளது" என்று எண்ணோடும் தேதியோடும் எழுத வேண்டும். படம் தேவையென்றால் வெளியே உள்ள கட்டணப் பலகையும் பெயர்ப் பலகையும் போதும். இரண்டு வரிகளை மறக்காமல் சேருங்கள். ஒன்று, "இக்குறை ஒப்பந்ததாரரின் பராமரிப்பைப் பற்றியது, தூய்மைப் பணியாளர் மீதானது அல்ல." மற்றது, "பழுது நீக்கும்போது ஒரே சமயத்தில் இரண்டு அறைக்கு மேல் மூடக் கூடாது." பூட்டு வராமல் தடுப்பது இந்த இரண்டாவது வரிதான்.

குத்தகை ஒப்பந்தத்தில் எத்தனை அறை, எவ்வளவு கட்டணம், நாளைக்கு எத்தனை முறை கழுவ வேண்டும் என்ற நிபந்தனைகள் தெரிய வேண்டுமானால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தின் நகல் கையில் இருந்தால் மனுவின் தொனியே மாறிவிடும். 'தாழ்ப்பாள் போட்டுத் தாருங்கள்' என்பது 'நிபந்தனை எண் இத்தனை மீறப்பட்டுள்ளது' என்றாகும், அடுத்த ஏலத்துக்கு முன் அந்தக் கோப்பைத் திறக்கும்போது அது உள்ளே இருக்கும்.

நோட்டுக்கு மாற்றாகக் க்யூ.ஆர். ஒட்டும் ஊர்களுக்கு ஒரு சொல். அதைக் காசு வாங்கும் மேசைக்கு மேலே ஒட்டாதீர்கள். ஒவ்வோர் அறைக் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டுங்கள், அறை எண் அதிலேயே இருக்கட்டும், செல்போன் எண்ணும் படமும் கேட்காதீர்கள். முதல் வகையாகத் 'தாழ்ப்பாள்' இருக்கட்டும்.

இரவு ஒன்பதுக்கு மேல் இந்தச் சேவைக்கு நட்சத்திரமே கிடையாது. வெளியூர்ப் பஸ்கள் விடிய விடிய வந்துபோகும் நிலையங்களில்கூட ஆண்கள் பக்கம் திறந்திருக்க, பெண்கள் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் காசு வாங்குபவர் இடுப்பில் செருகியிருப்பார். அவரை எழுப்பித்தான் கேட்க வேண்டும்.