மாட்டுச் சந்தைக்கு ஒரு ஊத்தப்ப லென்ஸ்: கேனான் 24 எம்எம்

கேனான் இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப்/2.8 எஸ்டிஎம் லென்ஸை வாங்கி ஏழெட்டு மாதம் ஆகிறது. பேன்கேக் லென்ஸ் என்பார்கள், நம்ம ஊர்க் கணக்கில் ஊத்தப்பம்: எடை 125 கிராம், தடிமன் 2.3 செ.மீ. கூட வராது. செகண்ட் ஹேண்டில் ஆறாயிரத்துக்குக் கிடைத்தது. பின்மூடியைக் காணோமே என்று கடைக்காரரிடம் கேட்டால், 'அது தனி சார்' என்றார். சரி, விடுங்கள்.

அதற்கு முன் இரண்டு வருஷமாக, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 55-250 ஜூம் லென்ஸோடுதான் வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை சந்தை, விடியும் முன்பே லாரிகள் வந்துவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படமும் மாட்டு மூஞ்சி. கண்ணில் உட்கார்ந்த ஈ கூடத் தெளிவாகத் தெரியும், ஆனால் மூக்கணாங்கயிறு படத்தின் ஓரத்தோடு முடிந்துவிடும், அதைப் பிடித்திருக்கிற கை யாருடையது, அவர் மாட்டை விற்க வந்தாரா வாங்க வந்தாரா, ஒன்றும் தெரியாது.

24 எம்எம்மில் அப்படித் தூரத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சார் கேமராவில் இது, ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சார் கணக்கில், ஏறக்குறைய 38 எம்எம் பார்வை, நாலடி தள்ளி நின்றால் மாடு, ஆள், பின்னால் டீக்கடை மூன்றும் உள்ளே வந்துவிடும். அந்த நாலடிக்குப் போவதற்குப் பேச்சுக் கொடுக்க வேண்டும். முதல் வாரமே ஒரு பெரியவர், "இன்னாப்பா, மாட்ட புடிக்கிறியா, என்ன புடிக்கிறியா?" என்று கேட்டார். ரெண்டு பேரையும் சேர்த்துதாங்க என்றேன். சிரித்துவிட்டு, மாட்டின் வாயைப் பிளந்து நாலு பல் போட்டிருப்பதைக் காட்டினார், கேமராவுக்கு இல்லை, பக்கத்தில் நின்ற வியாபாரிக்கு. நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். நீட்டமான லென்ஸ் என்றால் டிவிக்காரன் என்று நினைத்து நிமிர்ந்து நிற்பார்கள், இதை யாரும் மதிப்பதில்லை, அதுதான் வசதி.

துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து தரகர்கள் விலை பேசுவதையும் இப்படித்தான் எடுத்தேன். ரெண்டு கையும் துண்டுக்குள், ரெண்டு முகமும் வேறு வேறு பக்கம், நடுவில் பசு மட்டும் துண்டையே பார்க்கிறது.

எனக்குப் பிடித்த படம் இன்னொன்று. மாட்டை விற்ற ஒருவர் பணத்தை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, தன்னுடைய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டுகிறார், கயிற்றைக் கூடவே கொடுத்துவிடக் கூடாது என்பது வழக்கம். வாங்கினவர் புதுக்கயிறு கட்டிக்கொண்டிருக்க, மாடு கழுத்தைத் திருப்பிப் பழைய கயிற்றை மோந்து பார்க்கிறது. எஃப்/4, 1/500, ஐஎஸ்ஓ 800. லாங் லென்ஸாக இருந்தால் மூவரில் ஒருவர் வெளியே போயிருப்பார்.

இதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. அதனால் விடியற்காலை இருட்டில் லென்ஸை முழுசாக எஃப்/2.8-க்குத் திறந்தாலும், ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்வை, 3200 வரை ஏற்ற வேண்டியிருக்கும், படம் கொஞ்சம் புள்ளி அடிக்கும், எனக்கு அது உறுத்தவில்லை. எருது விடும் விழாவுக்கு மட்டும் இதை நம்பிப் போகாதீர்கள். காளை ஓடும் பாதையில் நாலடி என்பது லென்ஸ் பிரச்சினை இல்லை, எலும்புப் பிரச்சினை. அங்கே தடுப்புக்கு வெளியே நின்று 55-250-ஐ மாட்டுவதுதான் மரியாதை. வள்ளிமலைக் குரங்குகளுக்கு இதுவே போதும், அதுகளே பக்கத்தில் வந்துவிடும், பையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் இது பொருந்தாது, கேனானின் ஆர் வரிசை மிரர்லெஸ் கேமரா என்றால் அடாப்டர் வேண்டும். அப்புறம், 16 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் பண்ணலாம் என்ற தைரியத்தில் ஒரு கன்றுக்குட்டியிடம் போனேன், நீட்டின நாக்கு லென்ஸ் கண்ணாடி முழுக்க. வாங்குகிறவர்கள் லென்ஸுக்கு முன்னால் மாட்ட 52 எம்எம் ஃபில்டர் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.