62,500 ரூபாய் போச்சு: "போலீஸ் டிகிரி" போர்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நேற்று சாயங்காலம்தான் முழு விஷயமும் தெரிந்தது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே எஸ்.ஐ. ஆசை. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கிறது என்று தெரியும். ஆனால் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்ப் படிக்கிற நிலைமையில் வீடு இல்லை. அப்போதுதான் எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஸ்வீட் ஸ்டால் மாடியில் ஒரு போர்டு வைத்தார்கள். 'பி.ஏ. குற்றவியல் மற்றும் காவல் நிர்வாகம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். எஸ்.ஐ. பணியில் நேரடி முன்னுரிமை.' பட்டம் தருவது ஒரு வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகமாம்.

அம்மாவோடு போனேன். உள்ளே இருந்தவர் தன்னை ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டார். ஒட்ட வெட்டிய முடி, பாலிஷ் போட்ட பழுப்பு ஷூ, மேஜை ஓரத்தில் ஒரு லத்தி. கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "செருப்பைக் கழட்டிட்டு அந்தச் செவுத்துல நில்லு தம்பி" என்றார். சுவரில் இஞ்சி டேப் ஒட்டியிருந்தது. என் தலைமேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "172. ஆம்பளைப் பசங்களுக்கு 170 இருந்தாப் போதும். அம்மா, உங்க வீட்டுல எஸ்.ஐ. வளர்ந்து நிக்கிறான், நீங்க கவனிக்கலையா?" என்றார். அம்மா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பணத்தை எடுக்கப் போன அம்மாவை, "அதுக்கென்ன அவசரம், பையன் மொதல்ல காலைல 1,500 மீட்டர் ஓடிப் பழகட்டும்" என்று அவரே தடுத்தார். பணம் கேட்காத ஆள் எப்படி ஏமாற்றுவார் என்று நினைத்தேன். அங்கேதான் விழுந்தேன்.

ஒரே வாரத்தில் அம்மாவின் ஒரு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. விண்ணப்பம் 2,500, முதல் வருடக் கட்டணம் 35,000, 'சீருடை மற்றும் களப்பயிற்சி' என்று 25,000. மொத்தம் 62,500 ரூபாய். பாதியை ரொக்கமாக வாங்கினார்கள், மீதியை யாரோ ஒருவருடைய ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீதில் கல்விக் கட்டணம் என்று எழுதவே இல்லை, 'அறக்கட்டளைக்கு நன்கொடை' என்று அச்சடித்திருந்தது. கேட்டதற்கு "அது வரிக்காக தம்பி" என்றார்கள். சரி என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சிவப்பு நீலப் பட்டையில் ஒரு அடையாள அட்டை வந்தது. அப்புறம் புத்தகம், அதாவது ஜெராக்ஸ் கட்டு. கொலைக்கு 302, மோசடிக்கு 420 என்று பழைய இந்திய தண்டனைச் சட்டமே அதில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது, கொலை 103, மோசடி 318. நான் சேர்ந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. போலீஸ் படிப்பு சொல்லித் தருகிறவர்களுக்கு இது தெரியாதா என்று அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் இருந்த அக்கா, "பழசு தெரிஞ்சாத்தானே புதுசு புரியும்" என்றார். அதற்கும் தலையாட்டினேன்!

வகுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. டிசம்பரில் தேர்வு என்றார்கள், டிசம்பர் வந்ததும் சர்வர் பிரச்சினை. பொங்கல் கழித்து வா என்றார்கள். போனால் "சார் டெல்லி போயிருக்கார்." அடுத்த முறை "சார் மீட்டிங்ல இருக்கார்", ஆனால் அந்தப் பழுப்பு ஷூ அறை வாசலில்தான் கிடந்தது. பதிவு எண் கேட்டேன், "அடுத்த பேட்ச்சோட சேர்த்து வரும்". பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் பிளாக். நேரில் போனபோது, "நன்கொடையை யாராவது திருப்பிக் கேப்பாங்களா தம்பி?" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ரசீதில் ஏன் அப்படி அச்சடித்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

நேற்று இந்தி தெரிந்த நண்பனை வைத்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டேன். தமிழ்நாட்டில் எங்களுக்கு மையமே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். போனை வைத்த கையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். "எஸ்.ஐ. ஆகப் போற பையன் இப்படி ஏமாறலாமா?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது கேட்டேன், அதிகாரி வரட்டும், நாளைக்கு வா என்றார்கள். இங்கேயும் நாளைக்குத்தான்.

என்னென்ன பார்த்துச் சேர வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. தோன்றியதை மட்டும் சொல்கிறேன். எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு முறையான பட்டம் போதும். எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வு, உடல் தகுதி எல்லாவற்றையும் தாண்டித்தான் ஆக வேண்டும். நேரடி முன்னுரிமை என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். தொலைநிலைப் படிப்பு என்றால் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தளத்தில் பல்கலைக்கழகம், படிப்பு இரண்டின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். சேருவதற்கு முன் டெப் ஐடி, அதாவது தொலைநிலைப் படிப்பில் சேரும் மாணவருக்கான யூஜிசி அடையாள எண், எடுக்கச் சொல்ல வேண்டும், என்னிடம் அதைப் பற்றி யாரும் மூச்சுகூட விடவில்லை. தனி ஆளின் ஜிபே எண்ணுக்குக் கட்டணம் அனுப்பாதீர்கள். ரசீதில் 'நன்கொடை' என்று இருந்தால் பணம் கட்டாமல் எழுந்து வாருங்கள்.

62,500 ரூபாய். சங்கிலிக்கு இந்த மாத வட்டி இன்னும் கட்டவில்லை. அம்மாவிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

இன்று கடைக்கு வரும்போது பார்த்தேன், அந்த மாடிப்படியில் இரண்டு பையன்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் நிறுத்தினேன். ஒருவன் இறங்கிவிட்டான். இன்னொருவன் ஏற்கெனவே 20,000 கட்டிவிட்டானாம், மீதியைக் கட்டத்தான் வந்தானாம். அவன் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். இதே மாதிரி இடத்தில் கட்டியவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வேறு யாராவது இருந்தால் ரசீதையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். பத்து மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் வாசலில் இருப்போம்.