மண்டபத்துக் கடலின் சூட்டை எதை வைத்து அளப்பது?

பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. அதை அளப்பதில் உலக அளவில் முதலிடம் பிடிக்கும் கருவி, நம் ராமநாதபுரம் கரைக்கு வந்தால் கடைசிக்குப் போய்விடுகிறது.

அதுதான் ஆர்கோ மிதவை. 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டே இருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, ஏறி வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து அனுப்பும். உலகக் கடல்களில் கிட்டத்தட்ட 4,000 மிதவைகள் இருக்கின்றன. கடல் மொத்தமாக எவ்வளவு வெப்பத்தை விழுங்கியிருக்கிறது என்று கேட்டால் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, பெரும்பாலும் பதினைந்து மீட்டர்கூட ஆழமில்லை. தென்கடலான மன்னார் வளைகுடாவில் தீவுகளை ஒட்டிய பவளத்திட்டுகளும் அப்படித்தான். அங்கே ஆர்கோவுக்கு என்ன வேலை?

கடல்மட்டத்தை அளக்கும் ரேடார் செயற்கைக்கோள்கள் 1992 முதல் தொடர்ந்து அளந்து வருகின்றன. சூடான நீர் விரியும், மட்டம் உயரும் என்பதுதான் கணக்கு. இங்கே அதிலும் இரண்டு சிக்கல். கரைக்குப் பக்கத்தில் நிலத்தின் எதிரொலி கலந்துவிடும். அப்புறம், வாடைக் காலத்தில் வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீர் தெற்கே இறங்கும். அதுவும் மட்டத்தை உயர்த்தும்.

மேற்பரப்பின் வெப்பநிலையைப் பார்க்கும் செயற்கைக்கோள் நமக்கு நிஜமாகவே உதவுகிறது. வழக்கமாக அதிகம் சுடும் மாதத்தின் சராசரியைவிட 1 டிகிரிக்கு மேல் போனால், அந்தக் கூடுதலை வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டே வருவார்கள். கூட்டுத்தொகை 4-ஐத் தொட்டால் பவளம் வெளிறும். 8-ஐத் தொட்டால் சாகத் தொடங்கும். 2010, 2016-இல் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளிறியதை மறக்க முடியுமா? ஆனாலும் அகச்சிவப்புக் கருவி பார்ப்பது தண்ணீரின் மேல்தோலை மட்டுமே. மேகம் மூடினால் அதுவும் இல்லை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று கிளம்புமுன் கடல் அசையாமல் கிடக்கும் நாட்களில் மேலே ஒரு சூடு, கீழே வேறு சூடு.

அதனால் என் ஓட்டு, திட்டிலேயே கட்டிவைக்கும் விரல் அளவு வெப்பப்பதிவிக்குத்தான். பவளம் அனுபவிக்கும் சூட்டையே மணிக்கு மணி பதியும். முங்கிப் போய் எடுத்தால்தான் கணக்கு கிடைக்கும், பாசி ஏறும், ஓரிடத்தை மட்டுமே சொல்லும், எல்லாம் சரி. செயற்கைக்கோள் எச்சரிக்கட்டும், இது உறுதி செய்யட்டும். மண்டபம், கீழக்கரைத் தீவுக்கூட்டங்களில் உள்ள 14 தீவுகளிலும் இது வேண்டும். எடுத்து வைக்கும் வேலையைச் சங்கு குளிக்கும் ஆட்களுக்கே சம்பளத்தோடு கொடுக்க வேண்டும்.